குதிரையிலிருந்து இறக்கப்பட்ட கோட்

இங்கிலாந்தில் அஸ்காட் பந்தயத் திடலில் 'ராயல் என்க்ளோஷர்' என்று ஒரு பகுதி இருக்கிறது. அரச குடும்பத்துக்குப் பக்கத்தில் நின்று குதிரை பார்க்கும் இடம். அதற்குள் நுழைய விரும்பும் பெண்களுக்காக அச்சிட்டுத் தந்த விதிகளில் ஒன்று இது: கோட்டும் கால்சட்டையும் அணிந்து வரலாம்; கால்சட்டை முழு நீளம் இருக்க வேண்டும்; இரண்டும் ஒரே துணியில், ஒரே நிறத்தில் இருக்க வேண்டும். இதை உடுப்புச் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட்டு அடுத்த பக்கம் புரட்டுகிறவரோடு எனக்குச் சண்டை இருக்கிறது. இது இலக்கணம். யாப்பருங்கலக்காரிகை எப்படி இலக்கணமோ அப்படி. எது எதோடு தளை கொள்ளும், எங்கே தட்டும் என்று சொல்கிறது. இலக்கணத்தை மீறினேன் என்று சொல்லிக்கொண்டு இருபது வரி எழுதியவர்கள் நம்மில் நிறைய. ஒரு விதியை உட்கார்ந்து முழுசாகப் படித்து, இது யாருடைய சௌகரியத்துக்காக எழுதப்பட்டது என்று கேட்டவர்கள் குறைவு.

'சீமாட்டிகளின் கோட்டைப் பற்றி எழுத உமக்கு என்ன வந்தது?' என்றார் ஒரு கவிஞர் நண்பர். அவருடைய கவிதைகளில் குதிரை வரும். எப்போதும் வெள்ளைக் குதிரை, எப்போதும் நள்ளிரவில். சேணம் உண்டா இல்லையா என்று கேட்டால் படிமம் என்பார். படிமமாகிவிட்ட குதிரைக்குத் தீனி வைக்க வேண்டியதில்லை, அதன் மேல் யார் எப்படி உட்கார்ந்தார்கள் என்று யோசிக்க வேண்டியதுமில்லை. நான் யோசிக்கச் சொல்கிறேன். உட்கார்ந்த விதத்திலிருந்துதான் கோட்டு வந்தது.

அஸ்காட் உடையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு கட்சி. ஒரு கட்சி, 1970ஐ ஒட்டி ராயல் என்க்ளோஷருக்குள் பெண்களின் கால்சட்டை சூட் அனுமதிக்கப்பட்டதையும், 2017ல் ஒரே உடுப்பாய்த் தைத்த ஜம்ப்சூட் அனுமதிக்கப்பட்டதையும் விடுதலையின் மைல்கற்களாக எண்ணிக்கொண்டு போகிறது. இன்னொரு கட்சி, கவுனும் தொப்பியும்தான் பாரம்பரியம், ஆண் தையற்காரனின் வெட்டு பெண்ணுக்கு வந்து சேர்ந்த நவீன ஒவ்வாமை என்கிறது. சண்டை போடுகிற இவ்விரண்டு பேரும் ஒரு பொய்யை ஒப்புக்கொண்டுதான் சண்டை போடுகிறார்கள். அதாவது, தையற்காரன் வெட்டிய கோட்டு குதிரைப் பந்தயத்துக்குப் பெண் உடம்பில் புதிதாக வந்தது என்ற பொய். அது அங்கே புதிதல்ல. அங்கிருந்து துரத்தப்பட்டது. திரும்பி வந்தபோது விருந்தாளி என்று பெயர் கொடுத்து, வாசலில் நிறுத்தி, துணியைத் தடவிப் பார்த்து உள்ளே விட்டார்கள்.

ஐரோப்பாவில் பெண்ணுக்கான கோட்டு குதிரைச் சவாரியில் பிறந்தது. 1666 ஜூன் மாதம் லண்டனில் சாமுவேல் பெப்பிஸ் தன் நாட்குறிப்பில், அரண்மனைப் பெண்கள் சவாரி உடையில் நின்றதைப் பார்த்து எரிச்சலோடு எழுதி வைத்திருக்கிறார். ஆண்களின் கோட்டு, ஆண்களின் தொப்பி, தலைக்குப் பொய்முடி. கோட்டுக்குக் கீழே இழுபட்டுக்கொண்டிருந்த பாவாடை மட்டும் இல்லாவிட்டால் யாரும் பெண் என்று சொல்லமாட்டார்கள் என்கிறார்; காட்சி தனக்குப் பிடிக்கவில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார். முந்நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகிறது. பெப்பிஸின் எரிச்சல் இன்னும் தீரவில்லை. அது விதிப்புத்தகமாக அச்சாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த உடையை யார் தைத்தார்கள் என்பது முக்கியம். பாரிஸில் 1675ல் பெண் தையற்காரிகள் தனிச் சங்கம் அமைத்துக்கொள்ளப் பதினான்காம் லூயி அனுமதித்தான். பெண்களின் உடுப்பு அவர்கள் கைக்கு வந்தது. ஆனால் திமிங்கல எலும்பு வைத்து இறுக்கித் தைக்கும் மேற்சட்டை ஆண் தையற்காரர்களிடமே தங்கியது. சவாரி உடையும் அவர்கள் தொழிலாகவே தொடர்ந்தது. காரணம் வெறும் அதிகாரம் மட்டுமில்லை. இரண்டு தொழிலும் வேறு. கவுன் தைப்பது துணியை உடம்பின் மேல் தொங்கவிட்டு, மடித்து, கொசுவி, அலங்கரிக்கும் வேலை. கோட்டு தைப்பது துணிக்கு ஓர் உடம்பையே கட்டும் வேலை. வெளித்துணிக்கும் லைனிங்குக்கும் நடுவில் கான்வாஸ் வைத்து, நூற்றுக்கணக்கான சின்னத் தையலால் நெஞ்சுக்கும் காலருக்கும் வளைவு ஏற்றி, நீராவியும் இஸ்திரியும் கொண்டு கம்பளியைச் சுருக்கியும் நீட்டியும் உருவம் வரவழைப்பார்கள். அந்த நெஞ்சுப் பகுதியின் கான்வாஸில் ஊடிழையாக ஓடுவது குதிரை வால் மயிர். வளைத்தாலும் நிமிர்ந்துகொள்ளும் குணம் அதற்கு உண்டு என்பதால். கோட்டுக்குள் குதிரை இருக்கிறது என்று நான் சொன்னால் அது படிமம் இல்லை, என் நண்பர் கவனிக்க வேண்டும்.

சவாரி உடையை இன்னும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். பெண் இரண்டு காலையும் குதிரையின் இடப்பக்கமே போட்டு உட்கார வேண்டும் என்பது ஒழுக்கம். வலது முழங்கால் சேணத்துக் கொம்பின் மேல் வளைந்து நிற்கும். 1830ஐ ஒட்டி இரண்டாவது கொம்பு ஒன்று வந்து இடது தொடையையும் பிடித்துக்கொண்டபின், அந்த நிலையிலேயே வேலி தாண்டவும் முடிந்தது. இதற்குத் தகுந்த பாவாடையை வெட்டுவது சாதாரணக் காரியமில்லை. நின்றால் கோணலாய், உட்கார்ந்தால் நேராய் விழ வேண்டும். வலது முழங்காலுக்குத் தனிக் குழிவு. இந்தப் பாவாடை பெண்களைக் கொன்றது. குதிரை விழுந்தால் துணி கொம்பில் மாட்டி, தலை தரையில் இழுபட, குதிரை ஓடியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தையற்காரர்கள் இதற்கு மாற்றாக 'பாதுகாப்புப் பாவாடை'களை ஒன்றன்பின் ஒன்றாக வெட்டினார்கள். கடைசியில் வந்து நின்ற வடிவம் வெறும் முன்றானை. சேணத்துக்கும் உடம்புக்கும் நடுவில் துணி கிடையாது. முன்னால் மட்டும் ஒரு மறைப்பு. உள்ளே போட்டிருப்பது கால்சட்டை. கீழே இறங்கியதும் முன்றானையைச் சுற்றி இழுத்துப் பின்னால் பொத்தான் போட்டால் பாவாடை மாதிரித் தெரியும்.

இங்கே நின்று யோசிக்க வேண்டும். 1970ல் 'அனுமதிக்கப்பட்ட' கால்சட்டை, விக்டோரியா காலத்துப் பெண்ணின் காலில் ஏற்கனவே இருந்தது. அதன் மேல் போட்ட முன்றானைக்கு உடம்போடு உறவில்லை, குதிரையோடு உறவில்லை. பார்க்கிறவன் கண்ணோடு மட்டும் உறவு. உருவத்துக்கும் அலங்காரத்துக்கும் வித்தியாசம் கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் என்னிடம் இல்லை. கோட்டு உருவம். முன்றானை அலங்காரம், ஒழுக்கத்தின் பெயரில் மாட்டிய அலங்காரம். அதைக் கழற்றியதைத்தான் சலுகை என்று கொண்டாடுகிறார்கள்.

அஸ்காட் பந்தயத்தை 1711ல் தொடங்கியது ஒரு பெண். ராணி ஆன். நடக்கவே சிரமப்பட்ட அந்த அம்மாள், ஒற்றைக் குதிரை பூட்டிய வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு வேட்டைக்குப் போவாள் என்றும், அதை மூர்க்கமாய் ஓட்டுவாள் என்றும் ஜோனதன் ஸ்விஃப்ட் அதே வருஷம் கடிதத்தில் எழுதினார். கடிவாளம் கையில் இருந்த பெண் தொடங்கிய இடம், நூறு வருஷம் கழித்துக் கடிவாளமில்லாத பெண்கள் உலாத்தும் இடமாயிற்று. நான்காம் ஜார்ஜ் 1825ல் அரச ஊர்வலத்தை ஆரம்பித்தான். அவனுடைய பழைய தோழன் ப்ரம்மெல்லின் பெயரில் சொல்லப்படும் ஆண் உடை ஒழுங்கு, கறுப்பு கோட்டும் வெள்ளைக் கழுத்துத்துணியும், காலப்போக்கில் 'மார்னிங் கோட்' ஆயிற்று. அந்தக் கோட்டைப் பாருங்கள். முன்பக்கம் இடுப்பிலிருந்து சரிவாக வெட்டப்பட்டு, பின்னால் வால் தொங்கும். ஏன் அந்த வெட்டு? குதிரை மேல் உட்காரும்போது முன் துணி தொடையில் மடங்கக்கூடாது என்பதற்காக. காலையில் சவாரி போகிறவனின் கோட்டு அது. அஸ்காட்டில் அதைப் போட்டுக்கொண்டு நிற்கும் கனவான்களில் எத்தனை பேருக்குக் குதிரை ஏறத் தெரியும் என்பது வேறு விஷயம். தெரியாவிட்டாலும் அவன் உடம்பில் சவாரிக்காரனின் ஞாபகம் இருக்கிறது. சம்பிரதாயம் அதைப் பத்திரமாய்ப் பாதுகாத்துக் கொடுத்திருக்கிறது. அவன் பக்கத்தில் நிற்கும் பெண்ணின் உடையில் அந்த ஞாபகம் துடைக்கப்பட்டிருக்கிறது. அவளுக்குத் தோட்ட விருந்தின் கவுன்.

என் வழக்கு இதுதான். மற்றதெல்லாம் சாட்சியம்.

பாரிஸ் பக்கம் இது இன்னும் வெட்கமில்லாமல் நடந்தது. 1857ல் திறந்த லாங்ஷாம் பந்தயத் திடல் சீக்கிரமே துணிக்கடையின் கண்ணாடிப் பெட்டியாயிற்று. உடைத் தயாரிப்பாளர்கள் சம்பளம் கொடுத்துப் பெண்களை அங்கே நடக்க அனுப்பினார்கள். 1908 மே மாதம் மார்கேன்-லாக்ருவா என்ற நிறுவனம் உடம்போடு ஒட்டிய, இடுப்புக்கட்டு இல்லாத உடுப்பில் மாதிரிப் பெண்களை அனுப்பி வைத்துக் கூட்டத்தையே திருப்பியது. குதிரைகள் ஓடியதை அன்று யாராவது பார்த்தார்களா தெரியாது. 1909லிருந்து செபெர்ஜே சகோதரர்கள் காமிராவோடு வந்து நிற்கத் தொடங்கினார்கள். பத்திரிகைகளுக்குப் பந்தயத் திடலின் பெண்ணைப் படம் பிடித்துக் கொடுப்பது ஒரு தொழிலாயிற்று. ஒரு திடலில் இரண்டு பந்தயம். உள்வட்டத்தில் ஜாக்கியின் உடம்பில் உரிமையாளரின் நிறங்கள். வெளிவட்டத்தில் மாதிரிப் பெண்ணின் உடம்பில் கடைக்காரனின் துணி. ஜாக்கிக்காவது எடை பார்த்துச் சீட்டு கொடுப்பார்கள்.

1910 அஸ்காட்டில் ஏழாம் எட்வர்ட் செத்த துக்கத்துக்காக எல்லோரும் கறுப்பில் வந்ததும், அதன் நிழலில் செசில் பீட்டன் 'மை ஃபேர் லேடி'க்குக் (நாடகம் 1956, படம் 1964) கறுப்பு வெள்ளை உடுப்பு வடிவமைத்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதில் ஒன்று மட்டும். அந்தக் காட்சியில் எலைஸா என்ற பூக்காரி கவுனும் தொப்பியும் போட்டுக்கொண்டு பேசாமல் நிற்கிறவரை சீமாட்டி. குதிரையை உண்மையாகப் பார்த்து, கத்தி உற்சாகப்படுத்தியதும் குட்டு வெளிப்படுகிறது. பீட்டனுக்குப் புரிந்திருக்கிறது. நம் ஆங்கிலப் பத்திரிகைகளின் ஞாயிறு மலர்க்காரர்களுக்குப் புரியவில்லை.

ஒரு சட்டத்தை இடையில் சொல்லியாக வேண்டும். 1800ல் பாரிஸ் போலீஸ் போட்ட உத்தரவின்படி ஆணுடுப்பு போட விரும்பும் பெண் போலீஸ் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். 1892லும் 1909லும் வந்த சுற்றறிக்கைகள் விலக்கு கொடுத்தன: பெண்ணின் கையில் சைக்கிள் கைப்பிடியோ குதிரையின் கடிவாளமோ இருந்தால் கால்சட்டை போடலாம். அந்த உத்தரவு செல்லாது என்று பிரெஞ்சு அரசு முறையாக அறிவித்தது 2013ல். நான் வங்கியில் வேலை பார்ப்பவன். சுற்றறிக்கைகளின் நடுவில் காலம் தள்ளுகிறவன். இவ்வளவு நேர்மையான சுற்றறிக்கையை நான் கண்டதில்லை. வேலை செய்கிற உடம்புக்கு ஓர் உருவம், பார்க்கப்படுகிற உடம்புக்கு இன்னோர் உருவம் என்று அரசாங்கமே எழுத்தில் ஒப்புக்கொள்கிறது. கடிவாளத்தைக் கீழே வைத்த கணம் கால்சட்டை குற்றமாகிவிடுகிறது. அஸ்காட்டின் விதி இவ்வளவு நேர்மையானதல்ல. அது 'ரசனை' என்று பேசும்.

தையற்காரன் கோட்டையே விடுதலை என்று நான் சொல்வதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். அப்படி நினைக்கிறவர்களுக்கு 1965 மெல்போர்னைச் சொல்ல வேண்டும். அக்டோபர் 30, ஃப்ளெமிங்டன் திடல், டெர்பி நாள். ஆங்கில மாடல் ஜீன் ஷ்ரிம்ப்டனை ஒரு செயற்கை நார்க் கம்பெனி விளம்பரத்துக்காக வரவழைத்திருந்தது. காலின் ரோல்ஃப் தைத்த வெள்ளை உடுப்பு. கம்பெனி அனுப்பிய துணி போதாமல் போகவே விளிம்பு முழங்காலுக்கு நாலு அங்குலம் மேலே நின்றது. தொப்பியில்லை, கையுறையில்லை, காலுறையில்லை. வெயில் நாள். மெல்போர்ன் சமூகம் அதிர்ந்தது. பத்திரிகைகள் நாள் கணக்கில் எழுதின. இதுவரை எல்லோரும் சொல்கிறார்கள், குட்டைப் பாவாடையின் வெற்றி என்று முடித்துக்கொள்கிறார்கள். மூன்று நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, மெல்போர்ன் கோப்பை நடந்த அன்று அதே பெண் என்ன உடுத்தி வந்தாள் என்பதைச் சொல்வதில்லை. சாம்பல் நிறத்தில் மூன்று துண்டு சூட். தொப்பி, கையுறை, காலுறை, கைப்பை. எல்லாம் ஒழுங்கு. சனிக்கிழமையின் பாவத்துக்குச் செவ்வாய்க்கிழமையின் பரிகாரம்.

ஆகவே அதே கோட்டு, அதே வெட்டு, ஓரிடத்தில் உடம்பின் சுதந்திரம், ஓரிடத்தில் தண்டனைச் சீருடை. கோட்டின் வடிவத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்கிறவன் ஏமாந்து போவான். இது யாருடைய அளவுக்கு வெட்டப்பட்டது, யார் கேட்டு? ஷ்ரிம்ப்டனின் இரண்டு உடையையும் கேட்டது ஷ்ரிம்ப்டன் இல்லை. முதலாவது துணிக்கம்பெனியின் கஞ்சத்தனத்தால் குட்டையாயிற்று. இரண்டாவது துணிக்கம்பெனியின் பயத்தால் நீளமாயிற்று. அதைப் பெண்ணின் கலகம் என்று வரலாறு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது நான் ஆரம்பத்தில் சொன்ன விதிக்கு வருகிறேன். ஒரே துணி, ஒரே நிறம். ஆணின் மார்னிங் உடையின் உச்சமான மரபு வடிவம் என்ன? கறுப்பு கோட்டு, சாம்பல் கோடு போட்ட கால்சட்டை, வேறொரு நிறத்தில் உள்கோட்டு. மூன்றும் மூன்று துணி. பொருந்தாமல் இருப்பதுதான் அங்கே மரபு. அந்தப் பொருந்தாமைக்குள் ஒரு பொருத்தம் காண்பது அவனுடைய ரசனைக்கு விடப்பட்டிருக்கிறது. பெண்ணின் சூட்டுக்கு அந்தப் பொறுப்பு தரப்படவில்லை. அவள் கோட்டும் கால்சட்டையும் ஒரே பேலிலிருந்து வந்தன என்று வாசலில் நிற்பவனுக்குத் தெரிய வேண்டும். ஏனென்றால் தனித்தனியாக வந்தால் அவள் ஆணின் உடையை எடுத்துப் போட்டுக்கொண்டவளாகிவிடுவாள். சேர்ந்து வந்தால் அது 'பெண்களுக்கான சூட்', இன்னொரு வகைக் கவுன். கோட்டுக்குள் இருக்கும் சவாரியைக் கொன்றுவிட்டுத்தான் கோட்டை உள்ளே விடுகிறார்கள்.

மற்ற விதிகள் அங்குல விதிகள். தோள்பட்டி ஓர் அங்குலமாவது இருக்க வேண்டும். பாவாடை முழங்காலுக்குச் சற்று மேலேயோ அதற்குக் கீழேயோ. 2012ல் தலையில் செருகும் இறகுக் கொத்துகளைத் தடை செய்து, தலையணியின் அடிப்பாகம் நாலு அங்குல அகலத்துக்குக் கெட்டியாக இருக்க வேண்டும் என்றார்கள். பாரம்பரியக் கட்சிக்காரர்கள் கவனிக்க. இந்த நாலு அங்குலத்தின் வயது என்னிடமிருக்கும் குடையின் வயதைவிட அதிகமில்லை. முன்னூறு வருஷத்துப் பந்தயத்தின் நிழலில் நின்றுகொண்டு பத்துப் பதினைந்து வருஷத்துச் சுற்றறிக்கை தாத்தா குரலில் பேசுகிறது. 1955 வரை விவாகரத்து ஆனவர்களுக்கே அந்தப் பகுதியில் இடமில்லை. அதுவும் பாரம்பரியமாகத்தான் இருந்தது, ஒருநாள் காணாமல் போயிற்று.

கடிவாளத்தைத் திரும்பக் கேட்ட பெண்களின் கதை வேறு திசையில் போனது. எப்ஸம் திடலில் 1913 ஜூன் 4 அன்று எமிலி டேவிசன் வேலிக்குக் கீழே புகுந்து ராஜாவின் குதிரை முன்னால் போய் நின்றார், நாலு நாளில் செத்தார். ஃப்ளாரன்ஸ் நேகில் என்ற பயிற்சியாளர் வருஷக்கணக்கில் தன் குதிரைகளைத் தன் லாயத்துத் தலைமைக்காரனின் பெயரில் ஓடவிட வேண்டியிருந்தது. ஜாக்கி கிளப் பெண்ணுக்கு லைசென்ஸ் தராது. கோர்ட்டுக்குப் போய், 1966ல் அப்பீல் நீதிமன்றத்தில் டென்னிங் பிரபு வழக்கைக் கேட்கத் தகுந்தது என்று சொன்னபின் கிளப் இறங்கி வந்தது. 1972 மே 6ல் கெம்ப்டன் திடலில் பெண்களுக்கென்று முதல் பந்தயம் நடந்தது. மெரியல் டஃப்னெல் ஐம்பதுக்கு ஒன்று என்ற பந்தய விகிதத்தில் வந்த குதிரையில் ஜெயித்தார். ராயல் அஸ்காட்டில் முதன்முதலில் ஜெயித்த பெண் ஜாக்கி கே கெலவே, 1987ல். இரண்டாவது பெண் ஹேலி டர்னர், 2019ல். நடுவில் முப்பத்திரண்டு வருஷம். அந்த முப்பத்திரண்டு வருஷமும் ராயல் என்க்ளோஷரில் கால்சட்டை அனுமதிக்கப்பட்டே இருந்தது. விடுதலைக் கட்சிக்காரர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வேலிக்கு உள்ளே ஓடிக்கொண்டிருந்த பெண்ணின் காலில் இருந்த வெள்ளைக் கால்சட்டையின் நீளம் பற்றியோ நிறப் பொருத்தம் பற்றியோ யாரும் கேட்கவில்லை. அவள் வேலையாக இருந்தாள்.

முற்போக்கு நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. முதலாளிகளின் கேளிக்கை, இதில் உருவம் என்ன உள்ளடக்கம் என்ன என்று கேட்பார்கள். கேளிக்கைதான், மறுக்கவில்லை. அந்தக் கேளிக்கைக்கான கோட்டைத் தைத்தவர்களைப் பற்றி நீங்கள் ஏன் ஒரு வரி எழுதவில்லை? 1912ல் லண்டனின் மேற்குப் பகுதி உயர்தரத் தையற்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிழக்கு லண்டனின் யூதத் தையல் தொழிலாளர்கள், மலிவு உடை தைத்தவர்கள், அவர்களோடு சேர்ந்து இறங்கினார்கள். அந்தக் கிழக்குப் பகுதிப் போராட்டத்தை முன்நின்று நடத்திய ருடால்ஃப் ராக்கர், யூதரல்லாத ஜெர்மானியர், யூதர்களின் மொழியான இத்திஷைக் கற்றுக்கொண்டு அதில் பத்திரிகை நடத்தியவர். இதெல்லாம் கோட்டின் உள்ளே கான்வாஸ் மாதிரி இருக்கிறது. வெளித்துணியைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டுப் போகிறவருக்கு அது தெரியாது. உள்ளடக்கம், உள்ளடக்கம் என்கிறவர் உள்ளே கைவிட்டுப் பார்க்க வேண்டாமா?

கிண்டியை விட்டுவிட்டு அஸ்காட்டுக்கு ஏன் போகிறாய் என்றும் கேட்கலாம். விதி அங்கே எழுதப்பட்டது, அதனால். நமக்கு இதில் அக்கறை வேறு காரணத்துக்காக. புதுக்கவிதை 'அனுமதிக்கப்பட்ட' வடிவம் என்று நம் ஊர்ப் பேராசிரியர்கள் பேசும்போது நாம் எரிச்சல்படுகிறோம். அகவலின் ஓட்டத்தில் பேச்சு இருந்ததே, அதை மறந்துவிட்டு இறக்குமதி என்கிறார்களே என்று சண்டைக்குப் போகிறோம். ஆனால் அதே தொகுப்பில் நம் கவிதையைச் சேர்த்துக்கொண்டால் சந்தோஷமாய் அனுப்பி வைக்கிறோம், சீர்களை ஒரே நிறமாக்கிச் சரி பண்ணிக்கூட. பெரும்பாலோர் அனுப்பும் கவிதைகளில் முன்றானைதான் இருக்கிறது. குதிரை இல்லை.

கோட்டில் எனக்கு வேண்டியது இவ்வளவுதான். தோளும் கையும் சேரும் இடத்தில் கையை முன்னால் நீட்டினால் துணி இழுக்கக்கூடாது. கடிவாளம் பிடிக்கிறவளின் கைக்கு அப்படித்தான் வெட்டினார்கள். தொங்கவிட்ட கைக்கு வெட்டிய கோட்டில் அது வராது. கடைக்கண்ணாடி முன்னால் நிற்கும்போது இந்த வித்தியாசம் தெரியாது. அஸ்காட்டின் படங்களில் சூட் போட்டு வந்த பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் நான் பார்ப்பது அந்த ஓர் இடத்தைத்தான். பலருடைய கை தொங்கவிட்டபடியே இருக்கிறது. சில பெண்கள் பைனாகுலரைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். தோளில் ஒரு சுருக்கமும் இல்லை. அந்தக் கோட்டைத் தைத்தவனுக்கு, அல்லது தைத்தவளுக்கு, விஷயம் தெரிந்திருக்கிறது.

கவிஞர் நண்பர் பதில் எழுதப் போவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார். எழுதட்டும். 'அனுமதி' என்ற சொல்லை ஒருமுறைகூட உபயோகிக்காமல் எழுதினால் அச்சுக்கூலியில் பாதியை நான் தருகிறேன்.